முதல் படத்துக்கு யாரை அழைப்பது?

குறும்படம் எடுக்கக் கிளம்பும் இளைஞர்களுக்கு எப்போதும் கிடைக்கிற எச்சரிக்கை ஒன்று உண்டு: "நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளாதே, படமும் கெடும், நட்பும் கெடும்." எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முதல் படத்தை நண்பர்களோடுதான் எடுக்க வேண்டும். சம்பளம் கேட்கமாட்டார்கள் என்பதற்காக மட்டும் அவர்களைக் கூப்பிட்டால்தான் எல்லாம் கெடுகிறது.

கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படம் 'ஃபாலோயிங்' (1998). லண்டனில் கல்லூரித் திரைப்படச் சங்கத்தில் பழகியவர்களை வைத்தே எடுத்தார். எல்லோருக்கும் வார நாட்களில் வேலை இருந்ததால் ஷூட்டிங் சனிக்கிழமைகளில்தான். படம் முடிய ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. செலவு சுமார் 6,000 டாலர். கதாநாயகனாக நடித்த ஜெரமி தியோபால்டின் வீடே படத்தில் அவர் வசிக்கும் வீடு.

கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதியை 16 எம்.எம். கறுப்பு வெள்ளை ஃபிலிம் விழுங்கியது. ஒரு காட்சிக்கு ஓரிரு டேக்குகளுக்கு மேல் போக வழியில்லை. அதனால் மேடை நாடகத்துக்குப் போல முன்கூட்டியே ஒத்திகை பார்த்து, வசனம் மனப்பாடமான பிறகே கேமராவை ஓட்டினார்கள். இன்று கைபேசியில் எத்தனை டேக் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதற்குச் செலவில்லை. ஆனால் மதியம் வரை வெயிலில் நிற்கும் நண்பனின் பொறுமைக்கு அளவு இருக்கிறது. ஃபிலிமைச் சிக்கனமாகச் செலவழித்த அதே கவனத்தோடு அந்தப் பொறுமையைச் செலவழிக்க வேண்டும். ஷாட் பிரிக்காமல், ஒத்திகை பார்க்காமல் ஆட்களை வரவழைத்துக் காக்கவைப்பவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகத்தான் நிற்பார்.

நட்பு எங்கே கைகொடுக்கும் என்பதற்கு சாம் ரெய்மியின் 'தி ஈவில் டெட்' (1981) சாட்சி. டென்னஸி மாநிலத்துக் காட்டு வீடு ஒன்றில் நடந்த படப்பிடிப்பு, திட்டமிட்ட நாட்களைத் தாண்டி இழுத்துக்கொண்டே போனது. நடிகர்களில் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். பள்ளி நாட்களிலிருந்தே கூடப் படமெடுத்த புரூஸ் கேம்பல் கடைசிவரை இருந்தார். போனவர்களுக்குப் பதில் கூட இருந்தவர்களையே நிறுத்தி மிச்சக் காட்சிகளை முடித்தார்கள். குளிரிலும் சேற்றிலும் அப்படி நிற்க, பேட்டா மட்டும் போதாது.

ஆனால் இரண்டு இடங்களில் நட்பை ஒதுக்கிவைக்க வேண்டும். ஒன்று, நடிகர் தேர்வு. நடிப்பு வராத நண்பனுக்கு ஒலிப்பதிவையோ தயாரிப்பு வேலையையோ கொடுக்கலாம். முக்கியப் பாத்திரத்தைக் கொடுத்தால் படத்தோடு சேர்த்து அவனையும் கேலிக்கு ஆளாக்குகிறோம். இன்னொன்று, எடிட்டிங் முடிந்த பிறகு. நண்பர்கள் கைதட்டுவார்கள், அவர்களுக்கு அந்தக் காட்சிக்குப் பட்ட பாடு தெரியும். படம் நீளமா, புரிகிறதா என்பதை முன்பின் தெரியாதவர்தான் சொல்வார். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி செய்த பெரிய உபகாரம் அதுதான்: நடுவர்கள் முன்னால் படத்தைப் போட்டுக்காட்ட வைத்தது. அங்கிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜ், தன் குறும்படங்களில் நடித்த விஜய் சேதுபதியையே 'பீட்சா'வில் (2012) நாயகனாக்கினார்.

படப்பிடிப்புக்கு முன்பே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: யாருக்கு என்ன வேலை, யார் போட்ட பணம் எவ்வளவு, பரிசுத்தொகை வந்தால் எப்படிப் பங்கு, படம் யாருடைய யூடியூப் சேனலில் ஏறும், டைட்டிலில் யார் பெயர் எப்படி வரும். எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். சாப்பாட்டையும் பெட்ரோலையும் இயக்குநர் பார்த்துக்கொள்ளட்டும்.