ஒற்றை யானையும் ஒரு பை ஆரஞ்சும்

"யானை பார்க்கவா இவ்வளவு பணத்தைச் செலவழித்துக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டும்? நம் ஊர்க் கோயில் வாசலில் நிற்கிறதே! ஒரு வாழைப்பழம் கொடுத்தால் ஆசீர்வாதமும் செய்கிறதே!" என்று நம் சகதர்மிணி கேட்டபோது, நாம் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கோயில் யானை போதாதென்றால் முதுமலை இருக்கிறது. ஒரு ராத்திரிப் பிரயாணம். ஆனால் விமான டிக்கெட்டு வாங்கியாகிவிட்டது. ஆகவே, "அங்கே யானைக்குக் காது பெரிது" என்று ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு மூட்டை கட்டினோம்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரத்திலிருந்து கிழக்கே, சமுத்திரத்தை ஒட்டியும் ஒட்டாமலும், சுமார் 750 கிலோமீட்டர் ஓடுகிறது ஒரு ராஜபாட்டை. அது போய்ச் சேரும் துறைமுகத்துக்குப் போர்ட் எலிஸபெத் என்று பெயர் இருந்தது. 2021-ஆம் வருஷத்திலிருந்து அதன் பெயர் கெபெர்ஹா. இந்தப் பெயரின் முதல் எழுத்தைச் சொல்ல நாக்கை மேலண்ணத்தில் வைத்துச் சொடுக்கவேண்டும். ஆறு நாளும் முயன்றோம். சொடுக்கு வந்தால் எழுத்து வரவில்லை, எழுத்து வந்தால் சொடுக்கு வரவில்லை. இந்த ராஜபாட்டையில் மாஸல் பே என்னும் ஊரிலிருந்து ஸ்டார்ம்ஸ் நதி வரையில் உள்ள சுமார் 200 கிலோமீட்டர்ப் பகுதிக்குத்தான் 'தோட்டப் பாதை' என்று உலகப் பிரசித்தி.

வண்டியில் நாம் எட்டுப் பேர். ஓட்டுபவரும் வழிகாட்டியும் ஒருவரே. மண்டேலாவின் தாய்மொழியாகிய கோஸா மொழிக்காரர், அறுபது வயதிருக்கும். அம்மொழியில் மூத்த ஸ்திரீகளை மரியாதையாக 'மாமா' என்றும், பெரியவர்களை 'டாட்டா' என்றும் அழைப்பது வழக்கமாம். முதல் நாள் காலையில் அவர் நம்மைப் பார்த்து, "டாட்டா!" என்றதும், வரும்போதே விடைகொடுத்து அனுப்புகிறாரே என்று திடுக்கிட்டோம். "என்னைப் போய் மாமா என்கிறாரே!" என்று நம் சகதர்மிணி முணுமுணுத்தாள். அர்த்தம் தெரிந்த பிறகு இரண்டு பேருக்கும் அவர்மேல் ஒரு தனி அபிமானம் ஏற்பட்டுவிட்டது.

ஆகஸ்டு மாதம் அங்கே குளிர்காலம். கேப் டவுன் மலைகளைத் தாண்டியதும் இருபுறமும் எண்ணெய் வித்துப் பயிர் பூத்து, பூமி முழுவதும் மஞ்சள் பூசிக்கொண்டு நின்றது. கடுகின் குடும்பந்தான் அது. பொழுது சாயும் வேளைக்கு மாஸல் பே போய்ச் சேர்ந்தோம்.

இந்த ஊரில் ஒரு மரம் இருக்கிறது. பார்த்தால் பெரிய அழகென்று சொல்வதற்கில்லை. ஆனால் 1501-ஆம் வருஷத்தில், இந்தியாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த பேத்ரோ டி அதாயிட் என்ற போர்ச்சுகீசியத் தளபதி, ஒரு கடிதம் எழுதி இங்கே விட்டுச் சென்றார். அதை ஒரு பூட்ஸுக்குள் வைத்து இந்த மரத்தில் தொங்கவிட்டார் என்பது ஊர்க்கதை. அதே வருஷம் இந்தியாவுக்குப் போகும் வழியில் ஜோவா ட நோவா என்பவர் அதை எடுத்துப் படித்தார். கடிதத்தின் சாராம்சம் என்ன தெரியுமா? கள்ளிக்கோட்டையில் நிலைமை சரியில்லை, ஜாக்கிரதை என்பதுதான்! நம் தேசத்துக் கரையில் நடந்த சண்டையின் சமாசாரம் ஆப்பிரிக்க மரம் ஒன்றில் காத்திருந்திருக்கிறது. இப்போது மரத்தடியில் பூட்ஸ் வடிவத்திலேயே ஒரு தபால் பெட்டி வைத்திருக்கிறார்கள். நாமும் வீட்டுக்கு ஒரு கார்டு போட்டோம். அது ஒரு வருஷத்துக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அதற்கும் முன்னால், 1488-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ஆம் தேதி, பார்த்தலோமியோ டயஸ் தண்ணீர் தேடி இக்கரையில் இறங்கினார். இங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த கொய்கொய் ஜனங்கள் கற்களை எறிந்தார்கள். டயஸ் வில்லால் எய்ததில் ஒருவர் மாண்டார். மாட்டிடையர் குடா என்று வந்தவர்களே பெயரும் வைத்தார்கள். கடலோரத்துக் கண்காட்சிச் சாலையில் டயஸின் கப்பலைப் போலவே கட்டிய கப்பல் ஒன்று கம்பீரமாக நிற்கிறது. செத்துப்போன இடையனைப் பற்றி வழிகாட்டி சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது.

இடையில் மலையேறி ஊட்ஷூர்ன் என்ற ஊருக்குப் போய், தீக்கோழிப் பண்ணைகளைப் பார்த்தோம். சீமைச் சீமாட்டிகள் தொப்பியில் இறகு செருகிக்கொண்ட காலத்தில் இவ்வூர்ப் பண்ணைக்காரர்கள் மாளிகை கட்டினார்கள். மோட்டார் வண்டியில் பெரிய தொப்பி நிற்கவில்லை. 1914-ல் யுத்தமும் வந்தது. இறகின் விலை தரைமட்டமாயிற்று. மாளிகைகள் மாத்திரம் நிற்கின்றன.

மூன்றாம் நாள் நைஸ்னா. இரண்டு செம்பாறைக் குன்றுகளின் நடுவே கடல் உள்ளே புகுந்து காயலாகப் பரந்திருக்கும் காட்சியை வர்ணிக்க நமக்குச் சக்தியில்லை. படகில் போனோம், குளிரில் பல் தந்தியடித்தது. ஆனால் நம் மனம் காயலில் இல்லை, அதன் பின்னால் இருந்த காட்டில் இருந்தது. மஞ்சள் மரமும் நாற்ற மரமும் அடர்ந்த காடு. நாற்ற மரத்துக்கு வெட்டியவுடன் துர்நாற்றம். மேஜையாக வந்துவிட்டால் ராஜமரியாதை. இந்தக் காட்டில் ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கில் யானைகள் திரிந்தன. தந்தத்துக்காகச் சுட்டார்கள், மரத்துக்காகக் காட்டை வெட்டினார்கள். 2016, 2017-ஆம் வருஷங்களில் பதினைந்து மாத காலம், யானை நடமாடும் தடங்களிலெல்லாம் தானியங்கிக் காமிராக்களை வைத்து ஆராய்ந்தார்கள். 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். காமிராக்களில் விழுந்தது ஒரே ஒரு யானை. சுமார் 45 வயதான பிடி. திரும்பத் திரும்ப அவளேதான்.

"துணைக்கு யாரையாவது கொண்டுவந்து விடக்கூடாதா?" என்று கேட்டாள் நம் சகதர்மிணி.

"விட்டுப் பார்த்தார்கள், மாமா. 1994-ல் குரூகர் வனத்திலிருந்து மூன்று இளம் யானைகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்று இறந்துவிட்டது. மற்ற இரண்டும் இந்தக் காட்டு யானையோடு ஒட்டவில்லை. திருப்பி வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்."

யானைக்குக் கூட்டம் என்பது குடும்பம்; தாய், பாட்டி, சித்தி எல்லோரும் சேர்ந்துதான் குட்டியை வளர்ப்பார்கள். காட்டுப் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்தோம். பறவையின் குரல் கேட்டது. வேறொன்றும் இல்லை. திரும்பி வரும்போது வண்டியில் யாரும் பேசவில்லை.

மறுநாள் பிளெட்டன்பர்க் பே. தூரத்தில் திமிங்கிலம் ஒன்று வாலைத் தூக்கி அடித்தது. எல்லோரும் கூச்சலிட்டோம். வழிகாட்டி மட்டும் மணற்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சிறு பையனாக இருந்தபோது, இம்மாதிரி கரைகளில் பலகை நட்டிருப்பார்களாம்: வெள்ளையருக்கு மட்டும். 1953-ல் செய்த சட்டம் அது. 1990-ல் தான் நீக்கினார்கள். "உங்களையும் விட்டிருக்க மாட்டார்கள், டாட்டா" என்றார். 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போன நம்மவர்களின் சந்ததிகளும் அந்தப் பலகைக்கு வெளியேதான் நின்றிருக்கிறார்கள். நாம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினோம். ஐஸாக இருந்தது. கன்னியாகுமரியில் நம் காலை நனைத்த அதே இந்து மகா சமுத்திரந்தான். அவரும் கால்சட்டையை மடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

அடுத்தது புளூக்ரான்ஸ் பாலம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி என்பார்கள் அல்லவா? இந்தப் பாலம் நதிக்கு மேலே 216 மீட்டர்! இதிலிருந்து கணுக்காலில் ரப்பர்க் கயிற்றைக் கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதிக்கிறார்கள். அதற்குக் காசும் வாங்குகிறார்கள். நம் வண்டியிலிருந்த பெங்களூர்த் தம்பதியில் குதிக்கப் போவதாக மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் கணவர். குதித்தவள் மனைவி. திரும்பி மேலே வந்ததும், "நன்றாகத்தான் இருக்கிறது" என்று, காப்பியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள். கணவர் அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை.

ஸ்டார்ம்ஸ் நதி கடலில் விழும் இடத்தில் 77 மீட்டர் நீளத் தொங்கு பாலம் ஆடுகிறது. இதைச் சுற்றியுள்ள ட்ஸிட்ஸிகம்மா கடற்காடு 1964-லிருந்து பாதுகாக்கப்பட்ட பிரதேசம். நதியின் நீர், இலைச்சாறு ஊறி, முதல் டிகாக்ஷன் நிறத்தில் இருக்கிறது. இளைஞர்கள் சிறு தோணிகளில் மலைப் பிளவுக்குள் துடுப்புப் போட்டுப் போனார்கள். நாம் பாறைமேல் உட்கார்ந்திருந்தோம். முயல் அளவில் கொழுத்த ஒரு பிராணி வந்து நம்மை உற்றுப் பார்த்தது. 'டாஸி' என்று பெயராம். வழிகாட்டி, "இவன் யானையின் நெருங்கிய உறவினன்" என்றார். பரிகாசம் என்று நினைத்தோம். பிராணி சாஸ்திரிகள் சொல்வதும் அதுவேதான். யானை பார்க்கவந்து ஐந்து நாளாயிற்று. தம்பி உறவையாவது பார்த்தோம்!

கடைசி நாள் ஆடோ. வழியெல்லாம் ஆரஞ்சுத் தோப்புகள். சாலையோரத்தில் நம் சகதர்மிணி ஒரு பை நிறையப் பழம் வாங்கிக்கொண்டாள். வழிகாட்டி வண்டியை நிறுத்தி, மிகவும் பணிவாக, "மாமா, அந்தப் பையை இந்தக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள். சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம். யானை வனத்துக்குள் ஆரஞ்சு கொண்டுபோகக்கூடாது" என்றார். அந்தக் கதையை அப்போதுதான் சொன்னார்.

தோப்புகள் பெருகியபோது யானைகள் இரவில் வந்து மேய்ந்தன. தோப்புக்காரர்கள் முறையிட்டார்கள். 1919-ல் அரசாங்கம் பிரிட்டோரியஸ் என்ற வேட்டைக்காரரை நியமித்தது. ஒரு வருஷ காலத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்ட யானைகளை அவர் சுட்டுத் தள்ளினார். 1931-ல் இவ்விடத்தை வனமாகப் பிரகடனம் செய்தபோது மிஞ்சியிருந்தவை பதினொன்று. வேலியில்லை. அவை வெளியே போய்ச் சாகாமலிருக்க, வனக்காவலர்களே ஆரஞ்சுப் பழத்தை உள்ளே கொட்டி ஆசை காட்டி நிறுத்தினார்கள். 1954-ல் டிராம் வண்டித் தண்டவாளங்களை நட்டு, மின்தூக்கியின் இரும்பு வடங்களை இழுத்துக் கட்டி, யானையும் உடைக்க முடியாத வேலியைப் போட்டார் ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் அதிகாரி. அப்போது யானைகள் இருபத்திரண்டு. அதன் பிறகும் வெகு காலம் பழம் போட்டார்கள். பழத்துக்காக யானைகள் ஒன்றையொன்று குத்திக் கிழித்துக்கொள்ளவே, 1970-களின் பிற்பகுதியில் நிறுத்தினார்கள். அப்போது குட்டியாக இருந்து ருசி கண்டவை இன்னும் இருக்கக்கூடும்.

இன்று ஆடோவில் அறுநூறுக்கு மேல் யானைகள். வனத்துக் காட்சிச் சாலையில் ஹாபூர் என்ற கொம்பனின் தலையைப் பதப்படுத்தி மாட்டியிருக்கிறார்கள். ஒரு காது நறுக்கென்று வெட்டுப்பட்டிருக்கிறது. குண்டு பாய்ந்தது என்கிறார்கள். 24 வருஷம் கூட்டத்துக்கு அதிபதியாக இருந்தவன். 1968-ல் இளையவன் ஒருவனிடம் தோற்று, வேலியை எப்படியோ கடந்து வெளியேறினான். சுட்டுவிட்டார்கள்.

அவன் பெயர் கொண்ட குட்டையருகே வண்டி நின்றது. புதர் அசைந்தது. ஒன்று, இரண்டு, பதினைந்து, நாற்பது என்று வந்துகொண்டே இருந்தன. எண்ணுவதை விட்டுவிட்டோம். ஆப்பிரிக்கப் பிடிகளுக்கும் தந்தம் உண்டு. ஆனால் இங்கே அநேகமாக எல்லாப் பிடிகளும் தந்தமில்லாதவை. மிஞ்சிய சிலவற்றின் வம்சம் என்பதால் அப்படி. மற்றவர்கள் அதிசயப்பட்டார்கள், பிடிக்குத் தந்தமில்லாமலே பார்த்துப் பழகிய நமக்கு அது ஊர் யானையாகவே தோன்றியது. ஒரு கிழப் பிடி வண்டிக்கு ஒரு முழத் தூரத்தில் நின்று, துதிக்கையை நீட்டி, ஜன்னலோரமாக வெகு நேரம் முகர்ந்தது. நம் சகதர்மிணி கைகளை மடிக்குள் மறைத்துக்கொண்டாள். பழ வாசனை இன்னும் போகவில்லை.

யானை சாவகாசமாக நகர்ந்து போயிற்று. அவள் மெதுவாக, "நைஸ்னாக் காட்டில் இருக்கிறாளே, அவளை இங்கே கொண்டுவந்துவிட்டால் என்ன?" என்று கேட்டாள்.

வழிகாட்டி சற்று யோசித்தார். "அந்தக் காட்டில் எந்த மரம் எப்போது காய்க்கும் என்பது அவளுக்குத் தெரியும், மாமா. பிடித்து, மயக்கி, லாரியில் ஏற்றினால் பிழைப்பாளோ என்னவோ! பிழைத்தாலும் இங்கே அவளுக்கு யார் இருக்கிறார்கள்?"

"அங்கே மட்டும் யார் இருக்கிறார்கள்?" என்றாள் அவள்.

அவர் பதில் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார். வழியில் சாண உருண்டையைத் தள்ளிக்கொண்டு ஒரு வண்டு பாதையைக் கடந்தது. இங்கே அந்த வண்டுக்குத்தான் முதல் உரிமை, பலகை போட்டிருக்கிறார்கள். அது கடந்து முடியும் வரையில் நின்றோம். வெளியே வந்ததும் கடைக்காரர் பழப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார்.