ஒரு கைக்கு மட்டும் திறக்கும் உறை

மாணவர்களே, எம்ஆர்டி நிலையங்களில் சுற்றுக்காவல் செல்லும் காவல்துறை அதிகாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களின் கைத்துப்பாக்கி இடுப்புவாரில் மாட்டிய ஓர் உறைக்குள் இருக்கும். ஹோல்ஸ்டர் என்பது அதன் பெயர். பார்வைக்கு வெறும் பை போலத் தெரிந்தாலும், அது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். அதிகாரி எடுத்தால் துப்பாக்கி உடனே கைக்கு வர வேண்டும். வேறு யார் இழுத்தாலும் வரக்கூடாது.

இது வீண் கவலை அன்று. 2015 ஜூன் மாதம் கூ டெக் புவாட் மருத்துவமனையில், காவலில் இருந்த ஒருவர் தம்மைக் கண்காணித்த அதிகாரியின் சுழல் துப்பாக்கியைப் பறிக்கப் போராடினார். அந்தப் போராட்டத்தில் துப்பாக்கி மூன்று முறை வெடித்தது. அதிகாரி காயமடைந்தார்.

அப்படியானால், ஓர் உறையை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? எங்கே, எப்படிப் பொருத்துகிறார்கள்? நீங்கள் வகுப்பில் படிக்கும் அறிவியல்தான் இதற்கும் விடை சொல்கிறது.

டிரிகருக்கு ஒரு சுவர்

உறையின் முதல் கடமை டிரிகரை முழுமையாக மூடுவது. உலகெங்கும் காவல்துறைகள் பயன்படுத்தும் கிளாக் ரகத் துப்பாக்கியில், கையால் நகர்த்தும் தனிப் பாதுகாப்புப் பொத்தான் பொதுவாக இருக்காது. டிரிகரை அழுத்த ஏறத்தாழ 25 நியூட்டன் விசை போதும். இரண்டரை லிட்டர் தண்ணீரின் எடைதான் அது. விரல்தான் அழுத்த வேண்டும் என்பதில்லை. சட்டை நுனி சிக்கினாலும் ஆபத்துதான்.

பழைய தோல் உறைகளில் ஒரு சிக்கல் உண்டு. வியர்வையும் நீண்ட காலப் பயன்பாடும் தோலை மென்மையாக்கிவிடும். உறையின் வாய்ப்பகுதி உள்நோக்கி மடங்கினால், துப்பாக்கியை உள்ளே செருகும்போது அந்த மடிப்பே டிரிகரை அழுத்திவிடலாம். வாய்ப்பகுதி விறைப்பாக இருக்க வேண்டும் என்று வல்லுநர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

விமானத்திலிருந்து வந்த பிளாஸ்டிக்

இன்று பல உறைகள் கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கால் செய்யப்படுகின்றன. அக்ரிலிக்கும் பிவிசியும் கலந்த இந்தப் பொருளை ரோம் அண்ட் ஹாஸ் நிறுவனம் 1965ஆம் ஆண்டில் விமானங்களின் உட்புறப் பாகங்களுக்காக உருவாக்கியது.

இது மெழுகுவர்த்தியைப் போலச் சூட்டில் இளகி, ஆறியதும் இறுகும் வகை. வேகவைத்த முட்டையைப் போல ஒருமுறை இறுகினால் மீண்டும் இளகாத பிளாஸ்டிக்குகளும் உண்டு. இது அந்த வகை அன்று. கைடெக்ஸ் தகட்டை ஏறத்தாழ 165 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, துப்பாக்கி வடிவ அச்சின்மேல் அழுத்தி ஆறவிடுவார்கள். ஆறியதும் தகடு அந்த வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். தோலைப் போல இது வியர்வையை உறிஞ்சாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இது பெரிய நன்மை.

ஆனால், ஒரு துப்பாக்கிக்காக வார்த்த உறை இன்னொன்றுக்குப் பொருந்தாது. துப்பாக்கியின் முன்பகுதியில் டார்ச் விளக்கு பொருத்தினால் உறையையும் மாற்ற வேண்டும். விளக்கு நுழைவதற்காக உறையின் வாய் அகலமாகும். அப்போது டிரிகரைச் சுற்றி இடைவெளி கூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உராய்வுக்கு ஆள் தெரியாது

எளிமையான உறைகள் உராய்வினால் மட்டுமே துப்பாக்கியைப் பிடித்துக்கொள்கின்றன. உறையில் ஒரு திருகு இருக்கும். அதை இறுக்கினால் உறையின் இரு பக்கங்களும் துப்பாக்கியை அதிகமாக அழுத்தும். அழுத்தும் விசை கூடினால் உராய்வும் கூடும்.

இங்கேதான் சிக்கல். உராய்வுக்கு ஆள் தெரியாது. திருகை இறுக்கினால் பறிப்பவருக்குக் கடினம், அதிகாரிக்கும் அதே அளவு கடினம். தளர்த்தினால் இருவருக்கும் சுலபம். நாம் முதலில் பார்த்த முரண்பாட்டை உராய்வால் மட்டும் தீர்க்க முடியாது.

வீட்டில் உள்ள மருந்துப் புட்டியை நினைத்துப் பாருங்கள். மூடியை அழுத்திக்கொண்டே திருக வேண்டும். பெரியவர்களுக்கு அது சுலபம், சின்னக் குழந்தைக்குக் கடினம். அங்கே தடுப்பது பலம் அன்று, குறிப்பிட்ட ஓர் அசைவு. பாதுகாப்பான உறையின் பூட்டும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது. அதிகாரி கைப்பிடியைப் பிடிக்கும்போது அவரது கட்டைவிரல் இயல்பாக வந்து நிற்கும் இடத்தில் பூட்டை விடுவிக்கும் நெம்புகோல் இருக்கும். எதிரே நின்று இழுப்பவரின் கைக்கு அந்தக் கோணம் எளிதில் அமையாது.

அமெரிக்க எஃப்பிஐ அமைப்பின் முன்னாள் அதிகாரி பில் ரோஜர்ஸ், இந்தப் பாதுகாப்பை அளக்க 1970களில் ஒரு சோதனை முறையை உருவாக்கினார். ஒருவர் துப்பாக்கியின் கைப்பிடியைப் பிடித்து 5 வினாடி பலமாக இழுப்பார். துப்பாக்கி வெளியே வராவிட்டால் உறை முதல் நிலையில் தேறியது. பிறகு ஒரு பூட்டைத் திறந்துவிட்டு, மீண்டும் 5 வினாடி இழுப்பார். அப்போதும் வராவிட்டால் இரண்டாம் நிலை. இப்படியே நிலைகள் கூடும்.

அதிக நிலைகள் இருந்தால் நல்லதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு பூட்டும் ஓர் அசைவைக் கூட்டுகிறது. அச்சத்தில் இதயம் படபடக்கும்போது விரல்களின் நுணுக்கமான அசைவுகள் தடுமாறும். அதனால், பூட்டைத் திறக்கும் அசைவு எளிமையாகவும் பிடிக்கும் அசைவோடு சேர்ந்தும் இருக்க வேண்டும். கூட்டத்துக்கு நடுவே சீருடையில் நிற்பவருக்கு அதிக நிலைகள் உள்ள உறை ஏற்றது. எத்தனை நிலைகள் இருந்தாலும் இடைவிடாத பயிற்சி இல்லாமல் பயனில்லை.

எங்கே மாட்டுவது?

கிளாக் 19 ரகத் துப்பாக்கி குண்டுகளோடு சேர்த்து ஏறத்தாழ 850 கிராம் இருக்கும். அதிரடிப் படையினர் அணியும் தடித்த கவச உடை இடுப்பை மறைக்கும்போது, கை துப்பாக்கியை எட்டுவதற்காக உறையைச் சற்றுக் கீழே இறக்குவார்கள். சிலர் அதைத் தொடைவரை இறக்குவதும் உண்டு.

அதற்கு ஒரு விலை இருக்கிறது. நடக்கும்போது இடுப்பைவிடக் கால் அதிகமாக வீசி அசைகிறது. ஒவ்வோர் அடியிலும் அந்தச் சுமையை முடுக்கிவிட்டு, மறுபடியும் நிறுத்த வேண்டும். அதனால்தான் ஒரு கிலோகிராமைப் பாதத்தில் கட்டி நடந்தால், அதே எடையை முதுகில் சுமப்பதைவிடப் பல மடங்கு அதிக ஆற்றல் செலவாகிறது.

இன்னொன்று நெம்புகோல் விளைவு. உறை எவ்வளவு நீளமாகக் கீழே தொங்குகிறதோ, அவ்வளவு எளிதாக அதைப் பிடித்து முறுக்கலாம். பூட்டு உடையாவிட்டாலும் இடுப்புவாரில் உள்ள பிணைப்பு பிய்ந்துபோகலாம். சங்கிலியின் பலம் அதன் மிகப் பலவீனமான வளையத்தைப் பொறுத்தது அல்லவா? ஆகவே, உறையைக் கவச உடைக்குக் கீழே வரும் அளவுக்கு மட்டும் இறக்கி, தொடையைச் சுற்றி ஒரு பட்டையால் கட்டுவார்கள். இடுப்புவாரும் வளையாத விறைப்பானதாக இருக்க வேண்டும்.

உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது நம் நாட்டில் கடுமையான குற்றம். பயிற்சி பெற்றவர்கள் கையாளும் கருவி அது. ஆனால், அதன் உறைக்குப் பின்னால் உள்ள சிந்தனை எல்லாருக்கும் பயன்படும்.

செய்து பாருங்கள்

500 மில்லிலிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்றை இடுப்புவாரில் இறுகக் கட்டி, திடலை ஒரு சுற்று நடந்து வாருங்கள். பிறகு அதைக் கணுக்காலுக்கு மேலே கட்டிக்கொண்டு நடங்கள். வேறுபாட்டை உங்கள் கால்களே சொல்லும்.

அடுத்த முறை காரில் ஏறும்போது இருக்கை வாரின் பூட்டைக் கவனியுங்கள். விபத்தில் எவ்வளவு பலமாக இழுபட்டாலும் அது திறக்கக்கூடாது. ஆனால், ஒரே விரல் அழுத்தத்தில் திறக்க வேண்டும். எந்த அசைவை அது ஏற்கிறது, எதை மறுக்கிறது? உங்கள் விடையைப் படம் வரைந்து விளக்க முயலுங்கள்.