பள்ளிக்கரணை ஓரத்தில் பெட்டி ஒளிப்பவர்களுக்கு

கைபேசியில் தெரியும் புள்ளியைப் பிடித்துப் போய், யாரோ ஒளித்துவைத்த டப்பாவைத் தேடியெடுத்து, உள்ளிருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவதுதான் ஜியோகேஷிங். ஜிபிஎஸ் சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000 மே மாதம் அமெரிக்க அரசு நீக்கிய ஓரிரு நாளில், ஒரிகானில் முதல் பெட்டி ஒளிக்கப்பட்டது. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக அருமையான விளையாட்டு. ஆனால் சென்னையின் பள்ளிக்கரணை போல, நீர்ப்பறவைகள் கூடு கட்டும் சதுப்பின் கரையில் பெட்டியே வைக்கக் கூடாது.

கைபேசி ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே ஐந்து மீட்டர் தவறலாம். வைத்தவர் கருவியிலும் பிழை, தேடுபவர் கருவியிலும் பிழை. அதனால் வருகிறவர்கள் எல்லாம் புல்லை விலக்கி, கல்லைப் புரட்டி, ஒரு வட்டத்தையே மிதித்துத் தீர்ப்பார்கள். ஆள்காட்டிப் பறவை முட்டையிடுவது கரையோர வெறுந்தரையில்தான். முட்டைக்கு மண்ணும் கூழாங்கல்லும் சேர்ந்தாற்போன்ற நிறம். காலடியில் கிடந்தாலும் கண்ணில் படாது. வெயில் கொளுத்தும்போது பறவை தண்ணீரில் வயிற்றை நனைத்துவந்து முட்டைகளின் மேல் அமரும், சூடு தணிய. பக்கத்தில் ஆள் நின்றால் அது கத்திக்கொண்டே சுற்றுமே தவிர இறங்காது. அதற்குள் முட்டை வெந்துபோகும், அல்லது காக்கை கொத்திப்போகும். புள்ளிமூக்கு வாத்தும் கரையோரப் புல்லுக்குள்தான் கூடு வைக்கிறது.

சட்டமும் இதைச் சின்ன விஷயமாகப் பார்க்கவில்லை. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப்பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதையும் ‘வேட்டை’ என்றே சொல்கிறது. அச்சட்டத்தின் பட்டியலில் உள்ள பறவையானால் சிறையும் அபராதமும் உண்டு. பள்ளிக்கரணையின் ஒரு பகுதி 2007 முதல் காப்புக்காடு. 2022இல் சதுப்பு ராம்சர் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம். வனத்துறை அனுமதியின்றி காப்புக்காட்டுக்குள் காலடி வைக்க முடியாது.

அப்படியானால் ஆட்டமே கூடாதா? தாராளமாக ஆடலாம். சதுப்பையொட்டிய சூழல் பூங்காவின் நடைபாதை பொதுமக்களுக்கானது. பெட்டியே தேவைப்படாத ‘எர்த்கேஷ்’ என்ற வகையும் இருக்கிறது: பாதையில் நின்றபடி நிலத்தைக் கவனித்து, கேட்ட கேள்விக்குப் பதில் அனுப்பினால் போதும். இதற்கும் நிலத்துக்குப் பொறுப்பானவரின் ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவின் தேசிய வனவிலங்குப் புகலிடங்களிலும் பொதுவாகப் பெட்டிகளுக்கு அனுமதி கிடையாது. பெட்டியில்லா வகைகளுக்குத்தான் வழி விடுகிறார்கள்.

ஏற்கெனவே ஒரு பெட்டி கரையில் இருப்பது தெரிந்தால் அதை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விளையாட்டுச் செயலியின் பட்டியலில் புள்ளி இருக்கும்வரை ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், பெட்டி கிடைக்காததால் இன்னும் தீவிரமாகத் தோண்டுவார்கள். செயலியிலேயே, பட்டியலைப் பார்க்கும் மறுஆய்வாளரின் கவனத்துக்குக் கொண்டுபோகும் வசதி உண்டு. காரணத்தை எழுதுங்கள், அவர் அந்தப் புள்ளியைப் பட்டியலிலிருந்து நீக்க முடியும். வனத்துறைக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். ஆனால் பெயர் இல்லாத மூடிய டப்பா பாலத்தடியில் கிடந்தால், அது விளையாட்டுப் பெட்டிதானா என்று தெரியாததால், தொடாமல் போலீசைக் கூப்பிடுவதே சரி.

தேடி நடக்கும்போது சதுப்பில் லாரி குப்பை கொட்டுவதைக் கண்டால், நேரமும் இடப்புள்ளியும் பதிவாகும்படி படம் எடுத்து வைத்துப் புகார் கொடுங்கள். புகாருக்கு நடவடிக்கை இல்லையென்றால் சென்னையிலேயே உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். பொதுவாக வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்துவிட வேண்டும்.