பழி எனக்கு, புகழ் உனக்கு!

பிள்ளை நிறைய மார்க்கு வாங்கினால் 'என் பிள்ளை' என்கிறோம். கோட்டை விட்டாலோ, 'உங்கள் பிள்ளையின் லட்சணத்தைப் பாருங்கள்' என்று அப்பாவிடம் தள்ளிவிடுகிறோம். இல்லையா? இதற்கு நேர்மாறாக நடந்துகொண்ட ஒரு பேராசிரியரைப் பற்றிச் சொல்லுகிறேன், கேளுங்கள்.

சதீஷ் தவான் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியல் போதித்தவர். ஆங்கில இலக்கியத்திலும் எம்.ஏ. பட்டம் பெற்றவர்! இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராகவும் விளங்கினார். 1979 ஆகஸ்டு 10-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் நம் ராமேசுவரத்து அப்துல் கலாம். ஆனால் பத்திரிகை நிருபர்களை எதிர்கொண்டவர் தவான்தான். பழியையும் தாமே ஏற்றுக்கொண்டார்.

1980 ஜூலை 18-ஆம் தேதி அதே வகை ராக்கெட் ரோகிணியை விண்ணில் சேர்த்தது. அன்று நிருபர்களிடம் பேசும்படி கலாமை முன்னே அனுப்பிவிட்டு, தாம் பின்னே நின்றுகொண்டார்!

2002 ஜனவரி 3-ஆம் தேதி தவான் மறைந்தார். ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே ஆண்டு ஜூலையில் ஜனாதிபதியான கலாமோ, கூட்டத்துக்குக் கூட்டம் இந்தக் கதையைச் சொல்லி வந்தார். நல்லாசிரியருக்கு ஒரு மாணவன் செலுத்தும் அஞ்சலி இதைவிட வேறென்ன இருக்க முடியும், சொல்லுங்கள்!