புது சென்சார், பழைய எச்சரிக்கை

ஜெலாப்பாங்கிலிருந்து தைப்பிங் போகிறவர்களுக்கு அந்த ஏற்றம் தெரியும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போது, லாரிகள் இடது ஓரமாக ஊர்ந்துகொண்டிருக்கும். அங்கேதான் என் காரில் எஞ்சின் வடிவ மஞ்சள் விளக்கு எரிந்தது. பக்கத்தில் அம்மா. தைப்பிங்கில் கண் மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தோம்.

"என்னம்மா அது?" என்றார்.

"ஒன்னும் இல்லம்மா" என்றேன். வயிற்றில் புளியைக் கரைத்தது.

ஊர் திரும்பியதும் வழக்கமாகப் போகும் பட்டறையில் காரை விட்டேன். ஃபோர்மேன் அண்ணன் ஸ்கேனரைச் செருகினார். திரையில் பி0135 என்று வந்தது. "முன்னாடி இருக்கிற ஆக்ஸிஜன் சென்சார், தங்கச்சி. அதோட ஹீட்டர் போயிருச்சு" என்றார். சென்சாரை மாற்றினோம். சாமானுக்கும் கூலிக்கும் சேர்த்து 320 வெள்ளி. விளக்கு அணைந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே ஏற்றத்தில் அதே விளக்கு எரிந்தது. ஸ்கேனரிலும் அதே எண்தான்.

எனக்கு முதலில் வந்தது கோபம். போலிச் சாமானைப் போட்டுவிட்டார். பெண்பிள்ளைக்குக் கார் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துவிட்டார்! வானொலியில் பேசிப் பிழைப்பவள் நான். சண்டைக்கு வசனம் எழுதத் தெரியாதா? வாசலில் கிளம்பி நின்றபோது அப்பா கேட்டார். தோட்டத்து ரப்பர் ஆலையில் இயந்திரம் பார்த்தவர் அவர். "பெல்ட்டு அறுந்தா பெல்ட்ட மாத்துவோம். மறுபடியும் அறுந்தா கப்பியப் பார்ப்போம். நீ கப்பியப் பார்த்தியா?"

அன்றிரவு உட்கார்ந்து அந்த எண்ணைப் பற்றிப் படித்தேன். ஆக்ஸிஜன் சென்சார், எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை அளந்து கணினிக்குச் சொல்கிறது. அதை வைத்துத்தான் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. 1976ஆம் ஆண்டில் வோல்வோ கார்களில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட கருவி இது. சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் சரியாக வேலை செய்யும். சீக்கிரம் சூடேற உள்ளேயே ஒரு சிறு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். அது வேலை செய்யாவிட்டால் பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

பி0135 என்றால் "சென்சார் கெட்டுவிட்டது" என்று பொருள் இல்லை. "ஹீட்டருக்குப் போகும் மின்சுற்றில் கோளாறு" என்றே பொருள். சுற்று என்றால் அதில் ஃபியூஸ், ரிலே, வயர், இணைப்பு எல்லாம் அடக்கம். புகார் எங்கிருந்து வருகிறது என்றுதான் அந்த எண் சொல்கிறது. குற்றவாளி யார் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

மறுநாள் பட்டறைக்கு வசனம் இல்லாமல் போனேன். "அண்ணே, ரெண்டு தடவையும் மெனோரா ஏத்தத்துலதான் எரிஞ்சிச்சு. ஊருக்குள்ள ஓட்டுறப்ப ஒன்னும் ஆகல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி!"

நேயர்களிடம் தினமும் கேள்வி கேட்பது என் தொழில். அவரிடம் மட்டும் "லைட்டு எரியுது" என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

சென்சாருக்கு வரும் வயரின் முனையில் மீட்டரை வைத்தார். மின்சாரம் ஒழுங்காக வந்தது. வயரை மெல்ல ஆட்டினார், முள் விழுந்தது. நிறுத்தினார், ஏறியது. வயரைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய கிளிப் உடைந்திருந்தது. வயர் ஓர் இரும்பு விளிம்பில் உரசி, மேலுறை தேய்ந்து, உள்ளே ஓரிரண்டு இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் எஞ்சின் முக்கும்போது கொஞ்சம் சாயும். அப்போது வயர் இழுபட்டு இணைப்பு விட்டுப்போயிருக்கிறது.

எங்கள் ஒலிப்பதிவுக்கூடத்திலும் இதே கதைதான். கரகரவென்று சத்தம் வந்தால் மைக்கை மாற்றச் சொல்லித் துடிப்போம். தொழில்நுட்பப் பிரிவில் உள்ளவர் வந்து முதலில் கேபிளைத்தான் ஆட்டிப் பார்ப்பார்.

அண்ணன் வயரைப் புதிதாக இணைத்து, உறை போட்டு, கிளிப் மாட்டினார். பிறகு கழற்றி வைத்திருந்த பழைய சென்சாரை எடுத்து மீட்டரில் பார்த்தார். சிறிது நேரம் பேசவில்லை. "பழசு நல்லாதான் இருக்கு. என் தப்புதான், தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கூலி வாங்க மறுத்தார். போலிச் சாமான் என்று நான் நினைத்ததை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

பாகத்தை மாற்றினால் கோளாறு தீர்ந்துவிட்டதாக நம்புவது கார்களோடு நிற்கும் தவறு அல்ல. 2018 அக்டோபரில் லயன் ஏர் விமானம் ஒன்றில் அடிக்கடி கோளாறு காட்டிய சென்சாரைப் பாலியில் மாற்றினார்கள். மாற்றிய சென்சார் 21 டிகிரி பிசகி அளந்தது. அன்றிரவுப் பயணத்திலேயே சிக்கல் வந்தது. மறுநாள் காலை, 29ஆம் தேதி, ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய அந்த விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். தவறான அளவை நம்பி, விமானத்தின் மென்பொருள் அதன் மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளியது. சென்சாரைப் பொருத்தியபோது அந்தப் பிசகு பிடிபடவில்லை.

உங்கள் காரிலும் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தால், எப்போது எரிந்தது, ஏற்றமா, மழையா, எஞ்சின் சூடா என்று குறித்துக்கொள்ளுங்கள். விளக்கு விட்டு விட்டு மின்னினால் தொடர்ந்து ஓட்டாமல் ஓரம் கட்டுங்கள். ஸ்கேனரில் எண்ணை அழிக்கும் முன் படம் எடுத்துவையுங்கள். கோளாறு வந்தபோது இருந்த வேகம், சூடு போன்ற விவரங்களைக் கணினி சேமித்து வைத்திருக்கும். அழித்தால் அவையும் போய்விடும். "மாத்திரலாம்" என்று ஃபோர்மேன் சொன்னால், "அளந்து பார்த்தீங்களாண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

போன சனிக்கிழமை மறுபடியும் தைப்பிங் போனோம். ஏற்றம் முழுக்க அம்மா டேஷ்போர்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுரங்கப்பாதை தாண்டியதும், "லைட்டு எரியுதும்மா!" என்று அலறினார்.

பார்த்தேன். பெட்ரோல் விளக்கு.