வெட்சித் திணையும் குற்றச் சக்கரவர்த்தியும்

பெருங்காப்பியத்துக்கு ஒப்பில்லாத தலைவன் ஒருவன் வேண்டும் என்று தண்டியாசிரியர் விதித்தார். அத்தலைவன் நல்லோனாகவும் இருத்தல் வேண்டும் என அவர் வெளிப்படக் கூறினாரல்லர். இவ்விடைவெளியைக் காப்பியப் புலவர் எவரும் பெரிதும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. அதனை முற்றும் பயன்கொண்ட நூல்வகை ஒன்று நம் காலத்துச் சிறார்க்கெனச் சிவகாசியில் அச்சாகி, ஊர்தோறும் விலைபோயிற்று. ஸ்பைடர் என்னும் கொடியோன் தலைவனாக வரும் சித்திரக் கதைகளையே யாம் குறிக்கின்றோம். இத்தகையன ஆய்வுக்கு ஏலா என்பார்க்கு யாம் கூறத்தக்கது ஒன்றே: வில்லுப்பாட்டையும் கதைப்பாடலையும் குறித்து நம் முன்னோர் சிலர் இவ்வாறே கூறினர்.

கதையின் பிறப்பிடம் இலண்டன். அங்கு வெளிவந்த ‘லயன்’ என்னும் கிழமை இதழில் 1965-ஆம் ஆண்டு இத்தொடர் தொடங்கிற்று. முதற்கண் எழுதியவர் டெட் கோவன்; ஓவியம் தீட்டியவர் ரெஜ் பன். பின்னர் எழுத்துப் பொறுப்பை ஏற்றவர், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவராகிய ஜெரி சீகல். அறத்தின் வடிவான வீரனை உலகுக்கு அளித்தவரே மறத்தின் வடிவான இவனையும் நடத்திச் சென்றார் என்பது நினைக்கத்தக்கது. தமிழில் 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் தோன்றிற்று. அம்மாயாவியும் தொடக்கத்தில் குற்றவழி நடந்து பின்னர்த் திருந்தியவனே. 1984-இல் எஸ். விஜயன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் எழுந்தது. அதன் வழியே ஸ்பைடர் தமிழ் பேசினான். தொடக்க காலத்து நூல்களுள் ஒன்றன் பெயர் ‘எத்தனுக்கு எத்தன்’.

கதை நிலை எளிது. கூரிய காதும் கரிய உடையும் உடைய ஒருவன் உலகக் குற்றவாளிகட்கெல்லாம் வேந்தனாக விழைகின்றான். அதற்கெனப் படையொன்று திரட்டுகின்றான். பூட்டுடைப்பதில் வல்ல ஆர்டினி ஒருவன். கருவிகள் ஆக்குவதில் வல்ல பேராசிரியர் பெல்ஹாம் மற்றொருவர். (எம் தொழிலினர் ஒருவர் இக்கூட்டத்தில் இருத்தல் எமக்குச் சிறிது நாணம் தருகின்றது; அறிவுக்கு இடம் கொடுத்த ஆசிரியரைப் பாராட்டவும் வேண்டும்.) வலைத் துப்பாக்கியும் வாயுத் துப்பாக்கியும் தலைவன் கைப்படைகள், ஹெலிகார் அவன் ஊர்தி. கில்மோர், டிராஸ்க் என்னும் துப்பறிவார் இருவர் பின்தொடர்கின்றனர்.

இரவிற் சென்று பிறர் பொருளைக் கவரும் இக்கூட்டத்தைப் படிக்குந்தோறும் எம் நெஞ்சு வெட்சித் திணைக்கே செல்கின்றது. கொங்கு நாட்டார்க்கு இஃது இயல்பு. சங்கப் பாடல்கள் கொங்கரை ஆனிரையோடு சேர்த்தே பேசும். காங்கேயம் மாடு இன்றும் இந்நாட்டின் பெருமை. நிரைகாத்துப் புலியொடு பொருது வீழ்ந்தார்க்கு எடுத்த புலிகுத்திக் கற்களை இப்பக்கத்து ஊர்களில் இன்றும் காணலாம். ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் வெட்சியை இரண்டாக வகுப்பர். அரசன் ஏவச் சென்று நிரை கவர்தல் மன்னுறு தொழில். ஏவலின்றித் தாமே செல்லுதல் தன்னுறு தொழில். ஸ்பைடரின் கொள்ளை இவற்றுள் யாது? ஏவுவார் இன்மையின் தன்னுறு தொழில் எனத் துணியலாம் போலும். ஆயின் தமிழில் அவனுக்கு வழங்கும் பட்டம் குற்றச் சக்கரவர்த்தி என்பது. தன்னைத் தானே வேந்தனாக முடிசூட்டிக்கொண்டவன் ஏவச் செல்லும் ஆர்டினிக்கும் பெல்ஹாமுக்கும் அதுவே மன்னுறு தொழில் ஆகின்றதன்றோ? ஆங்கிலத்தில் அவனை வஞ்சகர்க்கு அரசன் என்ற அளவில் அழைத்தனர். தமிழாக்கம் அவனை ஒருபடி உயர்த்திச் சக்கரவர்த்தியாக்கிற்று. பிறர் அரசராயிருக்க அவர்க்கு மேலோனாக நிற்க வேண்டும் என்னும் அவன் வேட்கைக்கு இச்சொல்லே பொருந்துகின்றது.

ஒற்றுமை இதனோடு அமைகின்றது. வெட்சி மறவர் ஒற்றர் வழி வேய் அறிந்து, விரிச்சி கேட்டு, ஊர் வளைத்து நிரை கொள்வர். கொண்டபின் பாதீடு உண்டு. ஒற்றர்க்கு மிகுத்துக் கொடுத்தலைப் புலனறி சிறப்பு என்றும், நிமித்தம் கூறினார்க்குக் கொடுத்தலைப் பிள்ளை வழக்கு என்றும் தனித் துறைகளாகவே வைத்தனர். கொள்ளைக்கூட்டம் ஒன்றைச் சமுதாயமாக்குவது கவர்தலன்று, பகிர்தல் என்பதை நம் இலக்கண நூலார் அறிந்திருந்தனர். ஸ்பைடர் கதையிலோ பகிர்வு சிறப்பிடம் பெறவில்லை. அவன் வேண்டுவது பொன்னினும் புகழ். துணைவர் இருவரையும் கட்டி நிறுத்துவது அச்சமே. கதையின் கலைக்குறை இதுவென எமக்குப் படுகின்றது: மூவர் உளர், கூட்டம் இல்லை.

அடுத்து நிகழும் மாற்றமே இத்தொடரின் உயிர். குற்றம் புரிதலினும் குற்றவாளிகளை வெல்லுதலே தன் ஆற்றலுக்குத் தக்க சவால் என ஸ்பைடர் பின்னர் முடிவு செய்கின்றான். இரக்கமோ கழிவிரக்கமோ அவனை மாற்றவில்லை. செருக்கு மாறாதிருக்கப் பக்கம் மட்டும் மாறுகின்றது. தமிழில் ‘நீதிக் காவலன் ஸ்பைடர்’ என ஒரு நூல் பெயர் பெற்றது. காவலன் என்னும் சொல் காப்போனையும் அரசனையும் ஒருங்கே குறிக்கும். சக்கரவர்த்தியாய் இருந்தவன் காவலன் ஆயினும் முடி துறந்தானல்லன். இந்நயத்தைப் பெயரிட்டோர் கருதினரோ இல்லையோ, மொழி தானே தந்துவிட்டது.

கவர்ந்தவனே மீட்பவனாதலை எவ்விலக்கணம் கொண்டு விளக்குவது? வெண்பாமாலை வெட்சியையும் கரந்தையையும் வெவ்வேறு திணைகளாக்கும். அதன்படி ஸ்பைடர் திணை மாறியவன். தொல்காப்பியரோ நிரை மீட்டலை வெட்சியுள்ளேயே அடக்குவர். கவர்தலும் மீட்டலும் ஒரே மறத்தின் இரு செயல்கள் என்பது அவர் நெறி. இக்கதைக்குத் தொல்காப்பியமே பெரிதும் பொருந்தும் என்பது எம் துணிபு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகல் ஒன்று கூடலூர் ஆகோளைக் குறிக்கின்றது. வீழ்ந்தவன் கவரச் சென்றவனா, மீட்கச் சென்றவனா என்பதை அக்கல் வெளிப்படச் சொல்லவில்லை.

இந்நூல்களின் முதற்பதிப்புகளைத் தேடி உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் யாம் அலைந்ததுண்டு. மட்டமான தாளில் அச்சிட்டமையின் மடித்த இடங்களில் அவை ஒடிகின்றன. பல்கலைக்கழக நூலகங்கள் இவற்றை வாங்கி வைத்தல் வேண்டும். தமிழாக்கத்தில் சொற்கள் எடுத்த வடிவை ஆராய விழையும் மாணவர்க்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.