கேன் தண்ணீரும் பேட்டரித் தண்ணீரும்

சென்னைப் புறநகரான பெரும்பாக்கத்துக் கடைத்தெருவில் 20 லிட்டர் கேன் தண்ணீரும் கிடைக்கும், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கிடைக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் வேதியியல் கணக்கில் முன்னது கலவை, பின்னது ஏறக்குறைய தூய பொருள். பேட்டரிக்கு இரண்டாவதுதான் வேண்டும். சாதாரணத் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள உப்புகள் ஈயத் தகடுகளைக் கெடுத்துவிடும். மனிதர் குடிக்க ஏற்றது கலவையே.

இந்தப் பகுதியின் போர் தண்ணீரில் சோடியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு என்று பலவும் கரைந்திருக்கும். துணியில் வடிகட்டினால் சேறு நிற்கும், உப்பு நிற்காது. சேறு கரையாமல் மிதப்பது. உப்போ கரைந்து நீரோடு நீராகிவிட்டது. கொதிக்க வைத்தாலும் கிருமிகள்தான் சாகும். நீர் ஆவியாகப் போவதால் மிஞ்சிய தண்ணீரில் உப்பின் அடர்த்தி சற்றுக் கூடவும் செய்யும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: எவர்சில்வர் தட்டில் போர் தண்ணீர் ஒரு சொட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஒரு சொட்டு விட்டுக் காயவிடுங்கள். முதலாவது வெள்ளை வளையம் விடும். மற்றது தடமில்லாமல் போகும்.

கரைந்த உப்பைப் பிரிக்க வேறு வழி வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெம்மேலி ஆலை அந்த வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அந்த நீரை அதிக அழுத்தத்தில் நுண்ணிய சவ்வு வழியே தள்ளினால் நீர் கடந்துவிடும், உப்பில் பெரும்பகுதி பின்தங்கிவிடும். இதுதான் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) முறை. 2013 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024 பிப்ரவரியில் திறந்த இரண்டாவது ஆலையில் மேலும் 15 கோடி லிட்டர் என்பது அதன் திறன். இத்தனை பாடுபட்டு உப்பை நீக்கிய பிறகு, கடல்நீர் ஆலைகளில் கொஞ்சம் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பார்கள். தாது குறைந்த நீர் குழாய்களை அரிக்கும்.

ஆகவே ‘எங்கள் தண்ணீரில் டிடிஎஸ் வெறும் 20’ என்று ஆர்.ஓ. கருவி விற்பவர் சொல்வதில் பெருமைப்பட எதுவுமில்லை. டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்துள்ள திடப்பொருள்களின் மொத்த அளவு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்கு ஏற்கும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 2000 வரை. அந்த 500-க்கும் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. கருவி கூடாது என்று 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறியது. வீட்டுக் கருவிகள் பலவும் ஒரு குடம் தருவதற்குள் அதற்கும் அதிகமாகக் கழிவுநீரை வெளியேற்றுகின்றன. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் புறநகருக்கு இது தாங்காது.

டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பின் மின்கடத்தலை மட்டுமே அளக்கும். கிருமியை அது காணாது. எனவே கேன் வாங்குவோர் எண்ணை மட்டும் நம்பாமல் மூடியின் சீல், நிரப்பிய தேதி, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் மூன்றையும் பாருங்கள். போர் தண்ணீரைக் குடிப்பவர்கள் ஆய்வகத்தில் கிருமிக்கும் சேர்த்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)